வீட்டுக் கரண்டில் பவர் மெஷின் ஓடுமா? (சிங்கிள் பேஸ், பழைய வயரிங், 2 மெஷின்)

நூல்கண்டு:
எல்லோருக்கும் வணக்கம். அவிநாசி பக்கம் ஒரு கிராமம் எனக்கு. திருப்பூரில் 11 வருஷம் கம்பெனி வேலை. கைமடிக்கிற வேலையில் ஆரம்பித்து, அப்புறம் சிங்கர் மெஷின், கடைசி 4 வருஷம் ஓவர்லாக் (துணி ஓரத்தை வெட்டிச் சுற்றித் தைக்கிற மெஷின்). மாமியார் படுக்கையில் இருப்பதால் இனி தினமும் பஸ் ஏற முடியாது. வீட்டிலேயே ஜாப் ஒர்க் எடுத்துக் கூலிக்குத் தைக்கலாம் என்று இருக்கிறேன்.

தெரிந்தவர் ஒருவர் பவர்டேபிள் யூனிட்டை (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்னத் தையல் யூனிட்) மூடுகிறார். அவரிடம் 2 மெஷின் பேசி வைத்திருக்கிறேன். ஒன்று சிங்கிள் நீடில், அதில் கிளட்ச் மோட்டார் (எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும், பெடலை மிதித்தால் மெஷினை இழுக்கும்), சிங்கிள் பேஸ். இன்னொன்று 4 நூல் ஓவர்லாக். அதன் மோட்டார் தகட்டில் இப்படி இருக்கிறது: 415 வோல்ட், 3 பேஸ், 0.37 கிலோவாட், 1.0 ஆம்பியர், 2850.

எங்கள் வீடு ஓட்டு வீடு. சிங்கிள் பேஸ் சர்வீஸ், வயரிங் செய்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. விற்கிறவர், “பிளக்கைச் சொருகினால் ஓடும்மா” என்கிறார். வீட்டுக்காரரோ, “டிரான்ஸ்பார்மரே வெடித்துவிடும்” என்கிறார். யார் சொல்வது சரி?

பேட்லாக்காரன்:
ரெண்டு பேருமே தப்பு. அரை எச்பி மோட்டாருக்கு டிரான்ஸ்பார்மர் வெடிக்காது. உங்கள் வீட்டு மிக்ஸியே 750 வாட் இருக்கும். அதே சமயம் அந்த ஓவர்லாக் மோட்டார் பிளக்கைச் சொருகினதும் ஓடவும் ஓடாது. அது 3 பேஸ், மூணு கரண்ட் லைன் சேர்ந்து வந்தால்தான் ஓடும், உங்கள் வீட்டுக்கு வருவது ஒரே லைன். சிங்கிள் பேஸில் கொடுத்தால் உறுமிக்கொண்டே நிற்கும், ரெண்டு நிமிஷத்தில் மோட்டார் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பி) கருகுகிற வாசனை வரும்.

மேட்டுக்கடை:
ஒரு சுலபமான வழி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கு வேறு பேஸில் லைன் வந்தால் அங்கிருந்து ஒரு வயர் இழுங்கள். உங்கள் பேஸ் ஒன்று, அவர்கள் பேஸ் ஒன்று, நியூட்ரல் ஒன்று. மூணு வயர் ஆச்சு. எங்கள் ஊர் மாவு மில்லில் இப்படித்தான் ஓட்டினார்கள்.

பழைய வயர்மேன்:
மேலே சொன்னதை யாரும் செய்துவிடாதீர்கள். மூணு வயர் இருந்தால் மூணு பேஸ் ஆகிவிடுமா? நியூட்ரல் பேஸ் கிடையாது. ரெண்டு வீட்டு பேஸ் வயருக்கும் நடுவில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். உங்கள் வீட்டு மெயினை அணைத்தாலும் பக்கத்து வீட்டிலிருந்து மெஷினுக்குக் கரண்ட் வந்துகொண்டே இருக்கும். அணைத்துவிட்டோம் என்று நம்பி மோட்டாரைத் தொடுகிறவர் கதி என்ன? ஒரு வீட்டு சர்வீஸிலிருந்து இன்னொரு வீட்டுக்கு லைன் கொடுப்பதும் குற்றம். நெறியாளர் அந்தப் பதிவை எடுக்காமல் அப்படியே விடட்டும், படிக்கிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தங்கச்சி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

சிங்கிள் நீடில் மெஷினில் இருப்பது சிங்கிள் பேஸ் கிளட்ச் மோட்டார். ஓடும்போது 3, 4 ஆம்பியர்தான். ஆனால் சுவிட்ச் போட்ட அந்த நொடியில் அதைப்போல ஐந்து ஆறு மடங்கு இழுத்துவிட்டுத்தான் அடங்கும். வீட்டு வயரிங் மேல் ஜனங்களுக்கு வரும் பயமெல்லாம் இந்த ஒரு நொடியால் வருவதுதான். லைட் சர்க்யூட்டில் இருக்கும் 6 ஆம்பியர் பி டைப் எம்சிபியில் (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) கொடுத்தால் காலையில் சுவிட்ச் போடும்போதெல்லாம் டிரிப் ஆகும். பி டைப், அதில் எழுதியிருக்கும் ஆம்பியரைப்போல மூணிலிருந்து ஐந்து மடங்கில் விழுந்துவிடும். சி டைப் ஐந்திலிருந்து பத்து மடங்கு வரை தாங்கும். அதனால் தைக்கிற அறைக்குத் தனியாக 2.5 ஸ்கொயர் காப்பர் வயர், 16 ஆம்பியர் சி டைப் எம்சிபி, 16 ஆம்பியர் பெரிய சாக்கெட். லைட் சுவிட்ச் போர்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து ஓட்டுவது வேண்டவே வேண்டாம்.

ஓவர்லாக்குக்கு 3 வழி:

ஒன்று, கெப்பாசிட்டர் போட்டு 3 பேஸ் மோட்டாரையே ஓட்டுவது. ரெண்டு, சிங்கிள் பேஸ் வாங்கி 3 பேஸ் தரும் விஎப்டி டிரைவ். மூணு, மோட்டாரைக் கழற்றிவிட்டு சர்வோ மோட்டார் (பெடலை மிதித்தால் மட்டும் சுற்றும் எலக்ட்ரானிக் மோட்டார்) மாட்டுவது.

உங்களுக்கு மூணாவதுதான் என்று என் மனசு சொல்கிறது. காரணத்தை ராத்திரி வந்து எழுதுகிறேன், இப்போது ஒரு வீட்டில் மோட்டார் ரிப்பேர்.

பேட்லாக்காரன்:
கெப்பாசிட்டர் வழியை அவ்வளவு லேசாகத் தள்ள வேண்டாம் அண்ணா. எங்கள் யூனிட்டில் பழைய ஓவர்லாக் ஒன்று அப்படித்தான் 6 வருஷம் ஓடியது. கிளட்ச் மோட்டார் கிளம்பும்போது மேலே லோடே இல்லை, வெறும் மோட்டார்தான் சுற்றுகிறது. பெடலை மிதித்த பிறகுதானே பெல்ட் இழுக்கும்? அதனால் கிளம்புகிற சக்தி குறைவாக இருந்தாலும் சமாளித்துவிடும். தண்ணீர் மோட்டாரில் இதைச் செய்தால் நிற்கும், தையல் மோட்டாரில் ஓடும்.

பழைய வயர்மேன்:
தம்பி சொன்னது நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் 6 வருஷ மோட்டார் எப்படி இணைக்கப்பட்டிருந்தது என்று பார்த்தீர்களா? விஷயம் அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தகட்டில் 415 என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே மூணு காயிலின் ஒரு முனையை ஒரே முடிச்சாகக் கட்டிய ஸ்டார் கனெக்‌ஷன். ஒவ்வொரு காயிலுக்கும் 240 வோல்ட் வரும்படி சுற்றியிருப்பார்கள். அப்படியே வீட்டு 230ஐக் கொடுத்தால் காயிலுக்குக் கிடைப்பது 133 வோல்ட்தான், இழுவை மூன்றில் ஒரு பங்காகிவிடும். டெல்டாவாக, அதாவது மூணு காயிலையும் முக்கோணம்போல ஒன்றோடொன்று சேர்த்து மாற்றினால் 230 சரியாகப் பொருந்தும். ஆனால் இந்தச் சின்ன மோட்டார்களில் பலதுக்கு வெளியே 3 வயர்தான் வரும், ஸ்டார் முடிச்சு காயிலுக்குள்ளே கட்டி வார்னிஷ் அடித்திருக்கும். அதைத் தோண்டி எடுத்து 6 முனையும் வெளியே கொண்டுவர ஒரு நல்ல வைண்டிங் ஆள் வேண்டும். கெப்பாசிட்டருக்கு நாங்கள் வைக்கும் கணக்கு, டெல்டாவில் கிலோவாட்டுக்குச் சுமார் 70 மைக்ரோபேரட். 0.37க்கு 25, 26 வரும். ரன்னிங் டைப், 400 வோல்ட் ஏசிக்கு மேல் தாங்குவது. அப்படியும் மோட்டாரின் முழு பலம் வராது, மூன்றில் ரெண்டு பங்கு வந்தால் அதிகம். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் அல்லவா?

விஎப்டியும் அப்படித்தான். சிங்கிள் பேஸ் 230 வாங்குகிற விஎப்டி வெளியே 230 வோல்ட் 3 பேஸ்தான் தரும், 415 தராது. அதற்கும் டெல்டா மாற்ற வேண்டும். பத்து மெஷின் வைத்திருப்பவர் மோட்டார்களைத் தூக்கிப்போட மனமில்லாமல் செய்யலாம். ஒரு மோட்டாருக்காக வைண்டிங் ஆளிடம் போய், டிரைவ் வாங்கி, அதற்குப் பெட்டி செய்து... அந்தச் செலவில் சர்வோ வந்துவிடும்.

ஊசிமுனை:
மெக்கானிக்காகச் சொல்கிறேன், சர்வோ போட்டுவிடுங்கள். ரெண்டு மெஷினுக்கும். 550 வாட் அல்லது 750 வாட், சிங்கிள் பேஸ் 220. ஜூகி, ஜாக் மாதிரி புதிய மெஷின்களில் மோட்டார் மெஷின் தலையிலேயே (தைக்கும் மேல்பகுதி) டைரக்ட் டிரைவாக வருகிறது. பழைய தலைக்கு மேஜைக்கு அடியில் மாட்டும் சர்வோ கிடைக்கிறது. பழைய மோட்டாரைக் கழற்றின அதே போல்ட் துளைகள் பெரும்பாலும் பொருந்தும்.

மாட்டும்போது கவனிக்க ரெண்டு சமாசாரம். சிங்கிள் நீடிலும் ஓவர்லாக்கும் ஒரே திசையில் சுற்றும் என்று நினைக்காதீர்கள். பெல்ட் மாட்டும் முன் தலையில் இருக்கும் அம்புக்குறியைப் பார்த்து, சர்வோவில் திசையை மாற்றிக்கொள்ளுங்கள். ஓவர்லாக்கைத் தலைகீழாக ஓட்டினால் ஆயில் பம்ப் ஏற்றாது, நூலை வளையம் போடும் லூப்பர் பக்கம் காய்ந்து போகும். அப்புறம் வேகம். மோட்டார் சுற்று × மோட்டார் புல்லி ÷ மெஷின் புல்லி. பழைய மோட்டார் 2850 சுற்றில், 120 மில்லிமீட்டர் புல்லியோடு, தலையில் 60 என்றால் நிமிஷத்துக்கு 5700 தையல் போயிருக்கும். சர்வோவில் 3500 வைத்து அதே புல்லி போட்டால் 7000! தலை தாங்காது. முதலில் குறைவாக வைத்து ஓட்டிப் பாருங்கள். வீட்டு ஜாப் ஒர்க்குக்கு 4000 போதும்.

நூல்கண்டு:
ரொம்ப நன்றிங்கண்ணா. எனக்கு ஒரு சந்தேகம். கிளட்ச் மோட்டார் ஏற்கெனவே சிங்கிள் பேஸ்தானே, ஓடுகிறதை எதற்கு மாற்ற வேண்டும்? கம்பெனியில் கிளட்சில்தான் பழகினேன். சர்வோவில் பெடல் வேறு மாதிரி இருக்கும் என்கிறார்களே.

ஊசிமுனை:
பழக ரெண்டு நாள் ஆகும். முதல் நாள் ரெண்டு பீஸ் கெடும், அவ்வளவுதான்.

மாற்றச் சொன்னதற்குக் காரணம் கரண்ட் பில். கிளட்ச் மோட்டார் நீங்கள் தைத்தாலும் சுற்றும், பீஸ் அடுக்கினாலும் சுற்றும், குழந்தைக்குச் சோறு ஊட்டினாலும் சுற்றும். என்னிடம் ஒரு வாட் மீட்டர் பிளக் இருக்கிறது, நிறைய வீடுகளில் போட்டுப் பார்த்திருக்கிறேன். சும்மா சுற்றும் கிளட்ச் மோட்டார் 150லிருந்து 200 வாட் சாப்பிடுகிறது. தைக்கும்போது இன்னும் ஏறும். 250 என்று வைத்தால் 8 மணி நேரத்துக்கு 2 யூனிட். ரெண்டு மாசத்தில் 50 நாள் தைத்தால் 100 யூனிட். வீட்டுக்கு அரசு இலவசமாகக் கொடுக்கிற 100 யூனிட் மொத்தமும் அந்த ஒரு மோட்டாருக்கே போய்விடும். சர்வோ நீங்கள் காலை எடுத்ததும் நின்றுவிடும். நாள் சராசரி 80 வாட்டைத் தாண்டி நான் பார்த்ததில்லை, அதாவது ரெண்டு மாசத்துக்கு 32 யூனிட். சத்தமும் கிடையாது. படுத்திருக்கும் மாமியாருக்கு அதுவும் ஒரு நிம்மதி.

மெஷினைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், அயர்ன் பாக்ஸை யாருமே கேட்கவில்லை பாருங்கள். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் ஒன்று இந்த ரெண்டு சர்வோவும் தைக்கும்போது சராசரியாக இழுப்பதைச் சேர்த்ததைவிட அதிகம் இழுக்கும்.

ரொறன்ரோ தையல்:
வணக்கம் தம்பிமார். நான் கனடாவில கலியாண பிளவுஸ் தைக்கிறனான். ஊரில இருந்து வரும்போது ஒரு பவர் மிசினை மோட்டாரோட கொண்டுவரலாமோ? இஞ்ச வீட்டில 120 வோல்ட்.

பழைய வயர்மேன்:
அக்கா, தலையை மட்டும் கொண்டு போங்கள், மோட்டார் வேண்டாம். அங்கே 60 ஹெர்ட்ஸ். உலர்த்தும் மெஷினுக்கு உங்கள் வீட்டில் 240 லைன் இருக்கும், அதில் கொடுத்தாலும் நம்மூர் 50 ஹெர்ட்ஸ் மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். அங்கேயே 110 வோல்ட் சர்வோ கிடைக்கும், அதை மாட்டிக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோ தையல்:
நல்லது தம்பி. பாரமும் குறையும்.

நூல்கண்டு:
மெஷின் ரெண்டும் வந்துவிட்டது, சர்வோவும் மாட்டியாச்சு. ஆனால் ஒரு பிரச்சினை. மேஜைக் கால் இரும்பில் வெறுங்கால் பட்டால் சுர்ரென்று இருக்கிறது. டெஸ்டர் வைத்தால் மெஷின் தலையிலேயே எரிகிறது. சர்வோ விற்ற கடையில் கேட்டால், “சர்வோ என்றால் அப்படித்தான் இருக்கும், செருப்பு போட்டுத் தையுங்கள்” என்கிறார்கள். நிஜமா?

பழைய வயர்மேன்:
முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். எர்த் சரியாகும் வரை தைக்க வேண்டாம்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்து. சர்வோ பெட்டிக்குள் இரைச்சலை வடிகட்ட, பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தத் துளிக் கசிவு எர்த்தில் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பாடி நடுவில் தொங்கும், பாதி வோல்ட், அதாவது 110, 115 காட்டும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்று மட்டும் இருக்கிறது. செருப்பு போட்டால் அதுவும் தெரியாது. ஆனால் நாளைக்கு நிஜமாகவே உள்ளே ஒரு பேஸ் வயர் தோல் உரிந்து பாடியைத் தொட்டாலும் முழு 230 இதே இரும்பில்தான் வந்து நிற்கும். உங்கள் வீட்டில் எர்த் இல்லை என்பதைத்தான் அந்தச் சுர் சொல்கிறது.

வயர்மேனைக் கூப்பிட்டு 3 அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும். முதல் ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும், மூணாவது ஒன்றிரண்டு வோல்ட்டில் நிற்க வேண்டும். சாக்கெட்டையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் துளையை உள்ளேயே நியூட்ரலோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போகிற மகானுபாவர்கள் உண்டு. மீட்டரில் நன்றாக அளவு காட்டும். என்றைக்கு நியூட்ரல் அறுகிறதோ அன்றைக்கு மெஷின் பாடி முழுக்கப் பேஸ்.

நூல்கண்டு:
வயர்மேன் வந்து பார்த்தார். சாக்கெட்டின் மூணாவது துளையில் வயரே இல்லை அண்ணா. வீடு கட்டின நாளிலிருந்து வெறும் துளைதான். இத்தனை வருஷம் கிரைண்டரும் பிரிட்ஜும் அதில்தான் ஓடியது.

பழைய வயர்மேன்:
எதிர்பார்த்ததுதான். புதுக்குழி போடுங்கள். 40 மில்லிமீட்டர் ஜிஐ பைப், இரண்டரை மீட்டர் நீளம், சுற்றிலும் கரியும் உப்பும். கோடையில் தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது, கொங்குச் சீமையின் சரளை மண் காய்ந்தால் எர்த்தும் காய்ந்துவிடும்.

எர்த் போட்டாச்சு, எம்சிபி இருக்கிறது என்று அதோடு நிறுத்தாதீர்கள். குழியின் தடை 10 ஓம் என்று வையுங்கள். பாடியில் பேஸ் பட்டால் 230ஐ 10ஆல் வகுத்து 23 ஆம்பியர் போகும். 16 ஆம்பியர் சி டைப் எம்சிபி சட்டென்று விழ 80 ஆம்பியராவது வேண்டும். 23க்கு அது நிமிஷக்கணக்கில் யோசிக்கும். 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்தில் கசிந்தால் உடனே அணைத்துவிடும் சுவிட்ச்) ஒன்று அவசியம். சர்வோவுக்கு ஏ டைப் கேட்டு வாங்குங்கள்.

கோபி பவர்டேபிள்:
அந்த ஆர்சிசிபியால் நான் பட்ட பாடு. 9 சர்வோ, எல்லாம் ஒரே ஆர்சிசிபியில். தினமும் காலை சுவிட்ச் போட்டால் விழும். வயர்மேன் ஒருவர் அதைக் கழற்றி நேராக இணைத்துவிட்டார், 3 மாசம் எனக்கே தெரியாமல் ஓட்டியிருக்கிறோம். பிறகு வந்தவர்தான் விளக்கினார்: ஒவ்வொரு சர்வோவும் ஒன்றிரண்டு மில்லியாம்பியர் கசியும், ஒன்பதும் சேர்ந்தால் 15க்குப் போய்விடும், 30 என்று எழுதியிருந்தாலும் 15ஐத் தாண்டினாலே அது விழலாம். 3 சர்வோவுக்கு ஒன்று என்று பிரித்ததும் சரியாகிவிட்டது. இந்தத் தங்கச்சிக்கு 2 மெஷின்தான், ஒன்றே போதும்.

இன்னொன்று. மீட்டர் விஷயத்தையும் யாராவது சொல்லுங்கள். நான் அதிலும் அடி வாங்கினவன்.

நூல்கண்டு:
அதைத்தான் கேட்க இருந்தேன். வீட்டு மீட்டரில் ஜாப் ஒர்க் தைத்தால் தப்பா? ஊரில் எல்லோரும் தைக்கிறார்களே.

கோபி பவர்டேபிள்:
தங்கச்சி, வீட்டுக்குத் துணி தைப்பது வேறு, கூலிக்குத் தைப்பது வேறு. 2003 மின்சாரச் சட்டத்தில் 126ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எந்த உபயோகத்துக்கு இணைப்பு வாங்கினோமோ அதைவிட்டு வேறு உபயோகத்துக்கு எடுத்தால், அந்த வேறு உபயோகத்தின் கட்டணத்தைப்போல ரெண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பின்னால் 12 மாசத்துக்குக் கணக்கு. நான் ஆரம்பத்தில் வீட்டு முன்கட்டில் 4 மெஷின் போட்டிருந்தேன். பக்கத்தில் ஒருவருக்கும் எனக்கும் சந்துத் தகராறு, அவர் எழுதிப் போட்டார், மின்வாரிய ஸ்குவாட் சோதனைக்கு வந்தது. மிச்சத்தைக் கேட்காதீர்கள்.

பிறகு சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்தேன். ஆன்லைனில் இலவசம், புரோக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அதைக் காட்டி முன்கட்டுக்குத் தனி சர்வீஸ், 3ஏ1 டாரிஃப். குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கு உள்ளது, 12 கிலோவாட் வரைக்கும். வீட்டு மீட்டர் வீட்டுக்கு, அந்த 100 யூனிட்டும் பத்திரம். உங்கள் செக்‌ஷன் ஆபீஸில் ஏ.இ.யை (உதவிப் பொறியாளர்) பார்த்து, ரெண்டு மெஷின்தான் என்று உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள். நாமே போய்க் கேட்டால் ஒரு மாதிரி, அவர்கள் வந்து பிடித்தால் ஒரு மாதிரி.

பேட்லாக்காரன்:
பவர்கட்டுக்கு என்ன செய்வது என்றும் சொல்லிவிடலாம். 2012ல் நாங்கள் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே ஓய்ந்தோம், இப்போது அந்தக் கொடுமை இல்லை. இருந்தாலும் வீட்டு இன்வெர்ட்டரில் கிளட்ச் மோட்டாரைப் போடாதீர்கள். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் மோட்டார் கத்தும், சூடேறும். சைன் வேவ் இன்வெர்ட்டர், 150 ஏஎச் பேட்டரி இருந்தால் ஒரு சர்வோவும் ஒரு ஃபேனும் ஒரு லைட்டும் மத்தியானம் முழுக்க ஓடும். அயர்ன் பாக்ஸ் கூடாது.

நூல்கண்டு:
ஒரு மாசம் கழித்து எழுதுகிறேன். எர்த் குழி போட்டாச்சு, ஆர்சிசிபி போட்டாச்சு, தனி வயர் இழுத்தாச்சு. இரும்பைத் தொட்டால் ஒன்றுமில்லை, டெஸ்டரும் எரியவில்லை. செக்‌ஷன் ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறேன், இடம் பார்க்க வருவார்களாம். அதுவரை பழகுவதற்காக வீட்டுத் துணியாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன். கோபி அண்ணனுக்கு நன்றி. ஊசிமுனை அண்ணா, 2 பீஸ் இல்லை, 5 பீஸ் கெட்டது.

ஒரு சின்ன விஷயம். மெஷின் ஓடும்போது ஒன்றுமில்லை. அயர்ன் பாக்ஸ் போட்டால் மட்டும் வீடு முழுக்க லைட் மங்குகிறது, ஃபேன் மெதுவாகிறது. எர்த் சம்பந்தமா?

பழைய வயர்மேன்:
எர்த் இல்லை. 1000 வாட்டுக்கு நாலரை ஆம்பியர்கூட வராது, அதற்கு வீடே மங்கக் கூடாது. எங்கேயோ ஒரு ஜாயின்ட் லூஸாகிக் கருகுகிறது. தைக்கிற அறை மட்டும் மங்கினால் உங்கள் வயரிங். வீடு முழுக்க என்றால் மெயின் சுவிட்சு, மீட்டர், இல்லாவிட்டால் போஸ்ட்டில். மீட்டருக்கு முன்னால் உள்ளதை நம் வயர்மேன் தொடக்கூடாது, லைன்மேனைக் கூப்பிடுங்கள். அதுவரை அயர்ன் வேண்டாம்.

நூல்கண்டு:
லைன்மேன் வந்தார். போஸ்ட்டில் எங்கள் சர்வீஸ் வயர் சேரும் இடம் கருகிப் பொடிந்திருந்தது. வெட்டிவிட்டுப் புதுசாக முறுக்கிக் கட்டினார். இப்போது லைட் அசையவில்லை. இறங்கி வந்து மெஷினைப் பார்த்தவர், சட்டையில் பொத்தான் அறுந்திருந்தது, தைத்துக் கொடுக்க முடியுமா என்றார். அதைக் கையால்தான் தைத்தேன்.